ஒரு தட்டு நத்தை

பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை ரயிலேறி நத்தைத் திருவிழாவுக்குப் போனேன். நத்தைக்குத் திருவிழா எடுக்கும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது. கூட வந்தவன் அதை இன்னும் நன்றாக ஊதிவிட்டான்.

அவன் திருச்சியில் வளர்ந்தவன். பூர்வீகம் நீடாமங்கலம் பக்கம். முதல் நாள் வகுப்பில் அவன் ஊர்ப்பெயரைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் ஊர். என் அம்மா நடவு நட்ட வயல்களெல்லாம் அவன் தாத்தாவுடையவை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அந்த நிலங்கள் சமையல்காரர் பெயருக்கும் கணக்குப்பிள்ளை பெயருக்கும் போய், பத்திரமாகத் திரும்பி வந்தன. ஆட்சி எந்தக் கட்சிக்குப் போனாலும் அந்த வீட்டில் வேட்டியின் கரை மட்டும்தான் மாறும். நான் அவனிடம், "நானும் நீடாமங்கலம் பக்கந்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். டவுன் என்று அவனாக எடுத்துக்கொண்டான்.

நல்லவன். அதுதான் என் கஷ்டமே. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு என் படிப்பைப் பார்த்திருப்பேன். அவன் தப்பான பிரெஞ்சைச் சத்தமாகப் பேசுவான், எல்லோரும் பிரியமாகத் திருத்திச் சொல்லுவார்கள். நான் சரியான பிரெஞ்சை வாய்க்குள் பேசுவேன், யாருக்கும் கேட்காது. அரசாங்க உதவித்தொகை என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டிருந்தது. அந்தக் குரலை அது கூடச் சேர்த்துத் தரவில்லை.

மாதா கோயிலுக்கு முன்னாலிருந்த திடலில் கடைகள் போட்டிருந்தார்கள். வெண்ணெயும் பூண்டும் உருகும் வாசனை தெருமுனைக்கே வந்துவிட்டது. ஒரு கடையில் மட்டும் நீண்ட வரிசை. அதை நடத்திய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் தலைக்கு மேல் ஒரு பெரிய புகைப்படம்: திராட்சைத் தோட்டத்தில் கூடையோடு குனிந்து நத்தை பொறுக்கும் அவளுடைய அப்பா. "அப்பா பொறுக்குவார், அம்மா சமைப்பாள், நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். எனக்குப் பொறாமையில் காது மடல் சுட்டது. குனிந்து நத்தை பொறுக்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள அவளால் முடிகிறது.

என் அம்மாவும் பொறுக்கினாள். நான் நாலாவது படிக்கும்போது ஊரில் கூலித் தகராறு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு வேலைக்குப் போகவில்லை. வயலில் கொடி நட்டதற்காக அப்பாவைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவன் தாத்தா சம்பா நடவுக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு நத்தைதான். அதற்கும் தடை வந்தது. எங்கள் தெரு ஆட்கள் அவர் வரப்பில் கால் வைக்கக் கூடாது. ஒருநாள் அம்மா பிடிபட்டாள். சட்டியில் இருந்ததையெல்லாம் வாய்க்காலில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினாள். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு நத்தை என்று பட்டப்பெயர் விழுந்தது. பத்தாவது முடியும்வரை அது என்னை விடவில்லை.

ஆளுக்கொரு தட்டு வந்தது. பிடித்துக்கொள்ள ஓர் இடுக்கி, குத்தி எடுக்க இரண்டு பல் வைத்த சின்ன முள்கரண்டி. அவன் இடுக்கியால் பிடித்தான், நத்தை வழுக்கிக்கொண்டு எதிரில் நின்ற ஒருவருடைய காலடியில் போய் விழுந்தது. அவர் சிரித்தார், இவன் சிரித்தான், அதற்குள் இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். என் கையிலிருந்து விழுந்திருந்தால் நான் பூமிக்குள் போயிருப்பேன்.

"நீ சாப்புட்டிருக்க மாட்ட. பயப்படாம எடுத்துக்கடா," என்றான்.

நான் இடுக்கியைத் தள்ளி வைத்தேன். ஓட்டை இடது கை விரல்களில் பிடித்து, முள்ளை ஓரமாக விட்டு, மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். வால்வரை முழுதாக வந்தது. ஊரில் கருவேல முள்ளால் எடுப்போம். வால் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயில் போட்டேன். அங்கே சுத்தம் செய்துதான் வைத்திருந்தார்கள், கிள்ளத் தேவையே இல்லை. விரல் கேட்கவில்லை.

"எங்கடா கத்துக்கிட்ட?" என்றான்.

"உங்க வயல்ல," என்றேன். "பெரிய மடைக்குக் கெழக்க இருக்கே, அங்க. பொறுக்கக் கூடாதுன்னு உங்க தாத்தா சொன்னப்பவும் பொறுக்குனோம்."

இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அவன் முகம் சுண்டிப்போகும் என்று காத்திருந்தேன்.

"நீ நம்ம ஊரா?" என்றான். "லீவுக்கு வர்றப்ப மழை நாள்ல உங்க தெருப் பக்கமிருந்து ஒரு வாசனை வரும்டா. மொளகு வாசனை. என்னன்னு கேட்டா அம்மா அதட்டுவாங்க. அதுதானா இது? எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கும்." அவன் கண் கலங்கியிருந்தது. "தாத்தா பண்ணது தப்புடா."

மனசாரத்தான் சொன்னான். நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். ஆசைப்பட்டதைக்கூட இவன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷமே அந்தப் பெண்மணியிடம் திரும்பி, எங்கள் ஊர் வயலிலும் நத்தை உண்டு என்று தன் தப்புப் பிரெஞ்சில் ஆரம்பித்தான். அவள் வெளியே வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். காசு வாங்காமல் அவனுக்கு இன்னொரு தட்டு வைத்தாள். விரலெல்லாம் வெண்ணெயோடு நான் பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் கேட்கக் கேட்க, சட்டியைக் கொட்டிய கதையையும் சொன்னேன். திங்கட்கிழமை கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் திருவிழாக் கதையோடு அதையும் சேர்த்துச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, என் அம்மாவைப் பற்றி மரியாதையாகவே சொன்னான். எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்கள். நான் சொல்லியிருந்தால் உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்திருப்பார்கள். என் கதை அவன் வாயில் நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

"அவங்க வீட்டுப் புள்ள நத்தை தின்னாம்மா. ரெண்டு தட்டு," என்றேன்.

வாய்க்கால் கரையை நினைத்துக்கொள்கிறாள், இப்போது திட்டப் போகிறாள் என்று இருந்தேன்.

"ரெண்டு தட்டா," என்றாள் அம்மா. "பழக்கமில்லாத புள்ளையாச்சே. வயிறு கியிறு ஒண்ணும் பண்ணலையே அதுக்கு?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். நானும் ஒரு தட்டு தின்றிருந்தேன். என் வயிற்றைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.