இராசேஸ் அக்காவின்ர வேதுப்பானையும் நாலாயிரம் லைக்கும்

"எல்லாரும் பாக்கினம், ஒருத்தரும் வருகினமில்லை!"

இதுதான் இராசேஸ்வரி அக்காவின்ர விடியக்காலத் தேவாரம். கடை திறக்கேக்க ஒருக்காப் பாடுவா. பானையை அடுப்பில ஏத்தேக்க ஒருக்கா. பானை சும்மா கிடந்து ஆறினாப்பிறகு, பெருமூச்சையும் சேர்த்து இன்னொருக்கா.

முரசுமோட்டையில றோட்டோரமா ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, "ஈஸ்வரி ஆரோக்கிய நிலையம், பெண்களுக்கு மட்டும்" எண்டு போட் மாட்டி வைச்சிருக்கிறா. உள்ளுக்கை நொச்சி, ஆடாதோடை, வேப்பிலை, தேசி இலை எல்லாம் போட்டு அவிச்ச பானை. வாற பொம்பிளையை அதுக்கு முன்னால இருத்தி, துவாயால தலையோட மூடி, அந்த ஆவியில வேது பிடிக்க விடுவா. பிறகு எண்ணெய் பூசி முதுகு, கால் எல்லாம் உருவி விடுவா. கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்தத் தொழிலுக்கு அக்கா சும்மா வரேல்லை. முதல் ஒரு உதவி நிறுவனம் தையல் மெஷின் குடுத்தது. ஊரில எல்லாருக்கும் மெஷின் குடுத்ததால தைக்கக் குடுக்க ஆள் இல்லை. அடுத்த நிறுவனம் கோழிக்குஞ்சு குடுத்துது. வெள்ளைக்காரர் வந்து குஞ்சோட படம் எடுத்துக்கொண்டு போச்சினம், அடுத்த கிழமை கீரி வந்து குஞ்சைக் கொண்டு போச்சு. அண்டையில இருந்து கோழி எண்ட சொல்லுக் காதில விழுந்தாலே அக்காவுக்கு முகம் கோணும்.

கோழிக்குப் பிறகுதான் வேது. அவாவின்ர சிநேகிதி கமலாசனிதான் முதல் வந்து பானைக்கு முன்னால இருந்தவா. கமலாசனியின்ர மோன் தயாபரன் பிரான்ஸில. அவன் போனில வந்து, "அன்ரி, இப்ப உலகமே பேஸ்புக்கிலதான். நான் இஞ்ச இருந்தே ஒரு பேஜ் திறந்து தாறன், வொய்லா!" எண்டான். திறந்தும் குடுத்தான்.

அண்டையோட பிடிச்சுது வியாதி. விடிய ரோசாப்பூவோட காலை வணக்கம். மத்தியானம், வேது பிடிச்சு எழும்பி, அவிச்ச இறால் மாதிரிச் சிவந்துபோய் நிக்கிற பொம்பிளையின்ர படம். "ஒருக்காச் சிரியும் பாப்பம்" எண்டு சொல்லி முடிக்க முன்னம் கிளிக். கனடாவில இருந்து லைக், நோர்வேயில இருந்து இதயம், லண்டனில இருந்து கும்பிடுற கை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் பேஜில. ஆராவது "விலை என்ன?" எண்டு கேட்டால் "இன்பொக்ஸுக்கு வாங்கோ" எண்டு போடுவா. இன்பொக்ஸ் எங்க இருக்கெண்டு அவாவுக்கே தெரியாது.

இதுக்குள்ள அனுதாபம் வேற. எங்கட பக்கத்தில செத்தவீட்டுக்குப் போகாட்டிலும் மன்னிப்பினம், பேஸ்புக்கில போடாட்டிப் பரம்பரைக்கும் கதைக்க மாட்டினம். அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு பேஜ்தான். அதால ஆரோக்கிய நிலையத்தில கிழமைக்கு ரெண்டு கண்ணீர் அஞ்சலி.

அறைக்காரர் அப்புத்துரை ஐயா ஒருநாள் வந்து வாசலில நிண்டார். தொண்டையைச் செருமாமல் அவருக்கு ஒரு சொல்லும் வராது. "ம்ஹ்ம்... பிள்ளை, ஆக்களைக் காணேல்லை. ம்ஹ்ம்... கோழித்தீன் கடைக்கு ஒருத்தன் அறை கேக்கிறான். தைப்பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லும்."

கோழித்தீன்! அக்கா அண்டைக்குச் சோறு தின்னேல்லை.

அடுத்த நாள் கடவுளே போன் எடுத்த மாதிரி வவுனியாவில இருந்து ஒரு பிள்ளை கதைச்சுது. பேர் ஸஹீலா. முல்லைத்தீவில இருக்கிற அவவின்ர சாச்சி அக்காவின்ர கையைப் பற்றிச் சொன்னவவாம். "நாங்க பொம்பிளையள் ஒரு வான் நிறைய வருவம் அக்கா. சரிவந்தா மாசத்துக்கு ரெண்டு தரம். உங்கட பேஜை ஒருக்காப் பாத்துட்டுச் சொல்றன்."

"பாருங்கோ பிள்ளை, வடிவாப் பாருங்கோ!" எண்டு அக்கா குதிச்சா.

அண்டைக்குப் பின்னேரம் கமலாசனியின்ர மாமியார் மோசம் போனா. அக்கா உடனே அஞ்சலி போட வெளிக்கிட்டா. மாமியாரின்ர படம் கையில இல்லை. மருமகள் கமலாசனியின்ர படம் இருந்தது, மஞ்சள் துவாயோட வேது பிடிச்சு எழும்பின படம். ஆற்றையோ ஒராளின்ர படம் இருந்தாச் சரிதானே எண்டு, அதைச் சுத்திப் பூமாலை, பக்கத்தில ரெண்டு விளக்கு, மேல "கண்ணீர் அஞ்சலி". கீழ, எறும்பு அளவு எழுத்தில, "கமலாசனியின் அன்பு மாமியார்".

எறும்பை ஆர் வாசிச்சது? அக்காவின்ர பேஜில முந்தி ஒருநாளும் இல்லாத அளவு லைக்கும் அழுகையும் வந்து குவிஞ்சுது. "நல்ல மனுசி, போன கிழமைதான் எனக்கு லைக் போட்டவா" எண்டு சுவிஸில இருந்து ஒருத்தர் விம்மியிருந்தார்.

ஸஹீலா போன் எடுத்தா. "அக்கா, மஞ்சள் துவாய் போட்ட அந்த உம்மா வேது பிடிச்சா மௌத்தானவ?"

"ஐயோ இல்லைப் பிள்ளை, செத்தது மாமியார்!"

"மாமியாருக்கும் பிடிச்சீங்களா?"

ஸஹீலா விடேல்லை. "அதை விடுங்க. உங்கட பேஜில வந்த பொம்பிளையள்ட முகமெல்லாம் கிடக்கு. எங்கட ஆக்கள் முக்காட்டை எடுத்துட்டு இருக்கக்குள்ள படம் எடுத்துப் போட்டா என்ன செய்யிற? கதவு பூட்டுவீங்களா? ஆம்பிளையள் வந்து போவாங்களா? எத்தினை மணிக்குத் திறக்கிற? தேடித்தேடிக் கண் நொந்துட்டு. குட்மோர்னிங்கும் ஜனாஸா அஞ்சலியும்தான் இருக்கு." வான் வருமோ எண்டு அக்கா கேக்க, "யோசிச்சுச் சொல்றன்" எண்டு வைச்சிட்டா.

அதுக்குள்ள கமலாசனி புயல் மாதிரி வந்தா. "எடியேய்! என்ர செத்தவீட்டில நானே நிண்டு தேத்தண்ணி குடுக்கிறனடி! வாற சனம் என்னைக் கண்டு மதிலால பாயுது!"

பின்னால பிரான்ஸ் போன். "அன்ரி, அம்மாவை உயிரோட கொன்றுபோட்டீங்கள். பேஜை மூடிட்டன். வொய்லா!"

பாத்தால் உண்மைதான். ரோசாப்பூ இல்லை, இறால் இல்லை, கண்ணீர் இல்லை. துடைச்ச பலகை.

அக்கா தலையில கையை வைச்சுக்கொண்டு பக்கத்துக் கொமினிக்கேசன் கடைக்குப் போனா. அங்க சிவதர்சினி போட்டோக்கொப்பி அடிச்சுக்கொண்டு நிண்டா. மூக்கால கதைக்கிற பிள்ளை, ஆனா கதை ஊசி.

"என்ர நாலாயிரம் சனமும் போட்டுதடி, தர்சினி!"

"எங்க அக்கா போறது? வந்தாத்தானே போறதுக்கு."

"நக்கலடிக்காத. நீயாவது ஒரு வழி சொல்லன்."

"எத்தினை தரம் சொன்னனான், உங்களுக்கெண்டு ஒரு வெப்சைட் வேணுமெண்டு? பேஸ்புக் எண்டது பரந்தன் சந்தி. அங்க நிண்டு கத்தலாம், நாலு பேர் திரும்பிப் பாப்பினம். வாற ஆளை இருத்திக் கதைக்க எங்கட வீட்டுக் கதிரை வேணுமெல்லோ? நீங்கள் கத்தினதும் தயாபரன்ர தோளில ஏறி நிண்டு. அவன் குனிஞ்சான், நீங்கள் விழுந்தீங்கள்."

"வெப்சைட் பெரிய கொம்பனிக்காரர் வைக்கிறது."

"கோழித்தீன்காரன் வைக்கட்டுமே அப்ப?"

அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

இருந்தவா சும்மா இருந்தாவே? மேல பிள்ளையார் வேணும், பூ மழையாக் கொட்ட வேணும், மூலையில அனுதாபத்துக்கு ஒரு பெட்டி வேணும். தர்சினி எல்லாத்தையும் வெட்டினா. "இதில செத்தவைக்கு இடமில்லை அக்கா." என்ன செய்யிறது, என்ன விலை, எத்தினை மணி, எப்பிடி வாறது, ஆர் கை வைக்கிறது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுக் கொம்பியூட்டரில அடிச்சா. வயித்தில பிள்ளை இருக்கிறவை, பிரஷர்காரர், காய்ச்சல்காரர் டொக்டரைக் கேக்காமல் வரக்கூடாது எண்டும் அடிச்சா.

"வராதேங்கோ எண்டு போட்டால் ஆரடி வருவினம்?"

"உண்மையைச் சொல்லுறாளெண்டு நம்பி வருவினம். அடுத்தது, கதவு பூட்டப்படும். போன் வெளியில. படம் எடுக்கிறதில்லை."

"அதை மட்டும் போடாத! படம் எடுக்காட்டில் நான் தொழில் செய்யிறது ஆருக்குத் தெரியும்?"

"முதுகு உருவ வாற மனுசி, ஊருக்கு முதுகு காட்டவே வாறா?"

இதிலயே பின்னேரம் முழுக்கப் போச்சு. அக்கா அசையிற பாடில்லை. அப்பதான் சுவருக்கு அங்கால செருமல் கேட்டுது. "ம்ஹ்ம்... இந்தப் பக்கம் மூட்டை அடுக்கலாம் தம்பி, பானையை எடுத்தால் இன்னும் இடம் வரும்." கோழித்தீன்காரன் அளவுநாடாவோட வந்து அறையை அளக்கிறான்.

"எழுதடி!" எண்டு அக்கா கத்தினா. "படமும் எடுக்கிறதில்லை, ஒரு மண்ணும் எடுக்கிறதில்லை எண்டு எழுது!"

மண்ணை விட்டுட்டு மிச்சத்தைத் தர்சினி எழுதினா. பேஸ்புக்கும் புதுசா ஒண்டு, இந்த முறை அக்காவின்ர பேரில, பாஸ்வேர்ட் எண்ட திறப்பும் அக்காவின்ர கையில. ரோசாப்பூ அங்கதான், ஒவ்வொரு ரோசாவுக்குக் கீழயும் வெப்சைட் லிங்க். "செத்தவைக்குப் பேஸ்புக், சீவிக்கிறவைக்கு வெப்சைட்" எண்டு அக்கா தானே கண்டுபிடிச்ச மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா.

லிங்கை ஸஹீலாவுக்கு அனுப்பிப்போட்டு ரெண்டு நாள் போனையே பாத்துக்கொண்டு இருந்தா. மூண்டாம் நாள் மறுமொழி வந்தது. "வாசிச்சன் அக்கா. பிரஷர் இருக்கிற எங்கட மாமியை விட்டுட்டு வாறம். சனிக்கிழமை."

சனிக்கிழமை வான் வந்து நிண்டுது. பொம்பிளையள் இறங்கி, செருப்பைக் கழட்டி, போனையெல்லாம் வாசலில கிடந்த பனையோலைப் பெட்டிக்குள்ள போட்டுட்டு உள்ள போச்சினம். பானை கொதிக்குது. அடுத்த முறைக்கும் நாள் குறிச்சாச்சு. அக்காவின்ர கை மட்டும் போன் இல்லாமல் அரிக்குது.

அந்த நேரம் பாத்து அப்புத்துரை ஐயா கோழித்தீன்காரனோட வந்து, வானைக் கண்டு வாயைப் பிளந்தார். "ம்ஹ்ம்... பிள்ளை, இவ்வளவு சனமோ! ம்ஹ்ம்... கெதியாய் உள்ள போய் ஒரு படம் எடுத்துப் பேஸ்புக்கில போடுமன், நாலு பேர் பாக்கட்டும்!"

இராசேஸ்வரி அக்கா கதவில ஒரு கையை வைச்சுக்கொண்டு திரும்பினா.

"படம் வேணுமெண்டால் உங்கட கோழித்தீன்காரனைத் துவாயால மூடி எடுத்துப் போடுங்கோ ஐயா, எல்லாரும் பாப்பினம், ஒருத்தரும் வரமாட்டினம், என்ர சனம் உள்ளுக்கை வேர்த்துக்கொண்டு இருக்கு, நான் கதவைப் பூட்டப் போறன், பெண்களுக்கு மட்டும் எண்டு போட்டில மட்டுமில்லை, வெப்சைட்டிலயும் கிடக்கு, தள்ளி நில்லுங்கோ!"