மருந்துக்குக் கேட்காத புண்

என் மகள் வளர்த்த கினிபிக்கின் தாடைக்குக் கீழே கூட்டுக் கம்பி கிழித்துப் புண் வந்தது. எலியைவிடப் பெரிய, வாலில்லாத பிராணி அது, பள்ளித்தோழி கொடுத்தது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த களிம்புகளையெல்லாம் மாற்றி மாற்றிப் பூசினேன். ஆறவில்லை. முடி உதிர்ந்து, சீழ் பிடித்து, கழுத்துவரை பரவியது.

நிவித்திகலை மிருக வைத்தியர் பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று நான் மட்டும் போனேன். வழக்கமான மருந்துகளுக்கு இந்தக் கிருமி கேட்காது, வேறு மருந்து தருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர், என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொப்புளம் டொக்டர். நாலு நாளா இருக்கு."

"என்ன வேலை செய்றீங்க?"

"தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில புள்ளைங்கள பாத்துக்கிறேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுவரைக்கும் எந்தப் பிள்ளையையும் தொடாதீங்க."

பஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளையாக நினைத்துப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் என் கையில் தந்துவிட்டுப் போகும் பிள்ளைகள். யாரை எங்கே தொட்டேன்? ஏழு மாதக் குழந்தை ஒன்றின் காதுக்குப் பின்னால் நேற்று சிவப்பாக ஏதோ கண்டு, வெறும் கையால் துடைத்துவிட்டிருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னால் வேலை போய்விடும்.

இறங்கி நேரே காம்பராவுக்குப் போனேன். அந்தக் குழந்தையின் தாய் வேலைக்கு இடையில் வந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகாமல் வாசலில் நின்றே சொன்னேன்.

"ஏன் அக்கா, புண்ணோடயா என் புள்ளைய தூக்குனீங்க?"

"தெரியாம செஞ்சிட்டேன் தங்கச்சி. வா, இப்பவே காட்டிருவோம்."

இரத்தினபுரி ஆஸ்பத்திரிவரை த்ரீவீலில் ஓர் ஓரமாய் ஒதுங்கி, குழந்தையை என் பக்கம் திருப்பாமலே வந்தாள். டொக்டர் பார்த்துவிட்டு, குழந்தைக்கு வெறும் வியர்க்குரு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சோதித்ததில், என் கொப்புளத்தில் இருந்தது அதே கிருமிதான். வேறு மாத்திரைக்குக் கேட்டது. மற்றப் பிள்ளைகளையும் தோட்டத்து மிட்வைஃப் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை. கினிபிக்கும் பிழைத்தது. மகள் இப்போது கையுறை போட்டுத்தான் கூட்டைக் கழுவுகிறாள்.

வேலை போகவில்லை. புண் நன்றாக ஆறியபின் திரும்பிப் போனேன். அந்தத் தாய் மட்டும் இன்னும் குழந்தையை என்னோடு வேலை செய்யும் மற்ற அக்காவிடமே கொடுக்கிறாள். நானும் கை நீட்டுவதில்லை.