நான் அழித்த இரண்டு வெர்ஷன்கள்

1. வேலைக்கு எடுத்த காரணம்

செண்பகனூரில் இன்ஜினியர் சாரின் வீட்டுக்குக் கீழே இருந்த மெஷின் டிசைன் ஆபீசில் நான் முதலில் சேர்ந்தது பிரிண்ட் எடுக்கவும் கூட்டிப் பெருக்கவும்தான். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு சில வருடம் அம்மாவோடு கேரட் கழுவும் இடத்தில் மூட்டை தூக்கினேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், டிராயிங் ஃபைல்களைப் பத்திரமாக வைக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். வால்ட் என்று சொல்வோம். அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். சார் என்னைக் கூப்பிட்டார்.

"ராசாத்தி, பூட்டின கதவ எத்தன தடவ இழுத்துப் பாப்ப?"

"மூணு தடவ சார். சில நாளு பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வந்தும் பாப்பேன்."

"தெரியும். மாடில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இந்தச் சோலிக்கு நீதான் சரி."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அன்றைக்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஃபைலில் கை வைக்க வேண்டுமானால் அதைச் செக்-அவுட் செய்து எடுக்க வேண்டும். திருத்தி முடித்ததும் செக்-இன். ஒவ்வொரு செக்-இன்னுக்கும் ஒரு வெர்ஷன் நம்பர் விழும். பழைய வெர்ஷன்கள் அடியில் அப்படியே இருக்கும். ஹிஸ்டரியைத் திறந்தால் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று தெரியும். என்ன மாற்றினோம் என்று எழுதுகிற கட்டத்தைச் சார் மட்டும் காலியாகவே விடுவார். கேட்டால், "அதான் எனக்குத் தெரியுமே" என்பார்.

2. ஈர மூட்டை

மேல்மலையில் காய்கறி போடுகிற குருசாமி அண்ணன், பள்ளத்திலுள்ள தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை ஏற்ற ஒரு ரோப் கேட்டு வந்தார். கம்பி வடம், மேலே அதை இழுக்க ஒரு வின்ச், வடத்தில் ஓடும் சக்கரம், அதில் தொங்கி வரும் தொட்டி. சக்கரத்தோடு சேர்த்துத் தொட்டியைத் தாங்கும் பிராக்கெட்டில், இரும்பு முளை மாதிரி ஒரு பின் உண்டு. மொத்த பாரமும் அந்தப் பின்னில்தான்.

பிராக்கெட்டின் வெர்ஷன் ஐந்தை பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காஞ்ச மூட்டைக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க சார். நாங்க கேரட்டக் கழுவி ஈரத்தோட கட்டுவோம். அது வேற கனம்."

எனக்கு அந்தக் கனம் தெரியும். தலையாட்டினேன்.

"இன்னொன்னும் சொல்லிப்புடுறேன். எங்க ஆளுக இதுல தொத்திக்கிட்டு வருவாங்க."

"ஆள் ஏறக்கூடாதுண்ணே. போர்டு வைப்போம்."

"வைங்க சார், நல்லாப் பெருசாவே வைங்க. அந்த ஏத்தத்துல முழங்கால் வலிக்கிறவன் நின்னு போர்டப் படிப்பானா?"

சார் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, பின் 16 எம்.எம். என்றிருந்ததை அடித்துவிட்டு 25 என்று எழுதினார். அன்றைக்கே ஃபைலிலும் மாற்றிச் செக்-இன் செய்தார். அது வெர்ஷன் ஆறு. சிவப்பு மைத் தாளை நான் என் மேஜைக்கு எதிரே சுவரில் குத்திவைத்தேன்.

3. யெஸ் கொடுத்தேன்

அடுத்த வாரம் சார் சைட்டுக்குப் போயிருந்தார். அங்கே ஒரு டீக்கடை போனிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணன் சக்கரத்த முன்னாடியே வாங்கிப் போட்டுட்டாரும்மா. அதுக்குப் பிராக்கெட்டுல ஓட்டை இடைவெளி நூத்திருபதுதான் சரிவரும். நான் நூத்தம்பதா மாத்திட்டேன்ல? பழையத எடுத்துச் சாகுலுக்கு அனுப்பிரு. வெரசா. இன்னைக்கே ஆரம்பிக்கிறாராம்."

சாகுல் அண்ணன் திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருந்தார்.

ஹிஸ்டரியைத் திறந்தேன். ஆறில் ஓட்டை இடைவெளி 150. ஐந்திலும் 150. நான்கில் 120. மூன்று தடவை பார்த்தேன். பிறகு பழைய வெர்ஷனுக்கே திருப்பிவிடும் ரோல்பேக்கை நான்குக்குக் கொடுத்தேன். இதற்குப் பிந்தைய வெர்ஷன்கள் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே தயங்கியிருப்பார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பான ஓட்டை உள்ள ஃபைல் உள்ளே கிடந்தால், என்றைக்காவது யாராவது அதை எடுத்து அனுப்பிவிடுவார்களோ என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். அது இல்லாமலே போய்விட்டால் நல்லதுதானே? யெஸ் கொடுத்தேன். மெயிலும் அனுப்பினேன்.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எதிரே சுவரில் சிவப்பு மையில் 25. அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். 16.

ஓட்டையைத் திருப்பப் போய்ப் பின்னையும் சேர்த்துத் திருப்பியிருந்தேன். ஈர மூட்டையும் அதன்மேல் தொத்திக்கொண்டு வரும் ஆட்களும் கண்முன் வந்தார்கள். போனை எடுத்தேன்.

"சாகுல் அண்ணே, அந்தப் பின்னு பதினாறு இல்லண்ணே. இருபத்தஞ்சு."

"என்னம்மா சொல்ற? ஸ்பேரோட சேத்து நாலு பின்னு கடைஞ்சு கெடக்கு. பிராக்கெட்டுலயும் பின்னுக்கு ஓட்டை போட்டாச்சு." போனைப் பிடித்தபடியே உள்ளே கத்தினார். "ஏலே, மிஷின நிப்பாட்டுலே!"

நான் அழுதுவிட்டேன்.

"அழுவாதம்மா. பிளேட்டு நல்ல அகலம். பதினாற இருபத்தஞ்சாக்கலாம். பெரிய ஓட்டையச் சிறுசாக்குன்னு சொல்லியிருந்தீன்னா நானும் உங்கூட உக்காந்து அழுதிருப்பேன். பின்ன மட்டும் புதுசாக் கடையணும். சாருகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. சொல்லாமலும் இருந்துவிடலாம். ஐந்தும் ஆறும் ஹிஸ்டரியிலேயே இல்லை. செக்-இன் பண்ண மறந்துவிட்டோம் போல என்று சார் தன்னைத்தான் நொந்துகொள்வார். அவர் பஸ் வந்து சேரும்வரை அந்த நினைப்போடுதான் உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விட்டால் மறுபடி கேரட் மூட்டைதான் என்ற பயமும் கூட இருந்தது.

அவர் வந்ததும், உட்காரக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சார் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டுமே போச்சா?"

"போச்சு சார்."

காலியாக இருந்த கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "ஆறுல பின்னுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நீ நின்னிருப்ப. எழுதாம விட்டவன் நான்."

"ரோல்பேக் ரைட்ஸ எங்கிட்ட இருந்து எடுத்துருங்க சார்."

"எங்கிட்ட இருந்தும் சேத்து எடுத்துருவோம். இந்த ஆபீஸ்ல யாருக்கும் அது வேணாம்."

அங்கேயே உட்கார்ந்து நான்காம் வெர்ஷனைத் திறந்து, பின்னை 25 ஆக்கிச் செக்-இன் செய்தார். அந்தக் காலிக் கட்டத்தில் முதல்முறையாக எழுதினார்: 'பின் 25. ஈர மூட்டை. ஆட்கள் ஏறுவார்கள்.'

4. முதல் லோடு

ரோப் ஓடிய முதல் நாள் என்னையும் கூட்டிப்போனார். ஆட்கள் ஏறக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு. பள்ளத்திலிருந்து தொட்டி மெதுவாக ஏறி வந்தது. தண்ணீர் சொட்டும் கேரட் மூட்டைகள். அவற்றின்மேல் குருசாமி அண்ணன்.

"போர்டப் பாக்கலையாண்ணே?" என்று சார் கத்தினார்.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன் சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். தொட்டி மேலே வந்து நின்று அவர் இறங்கும்வரை நான் அந்தப் பின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழையது வேண்டுமென்றால், பழையதைத் திறந்து புது வெர்ஷனாகச் செக்-இன் செய்யுங்கள். தப்பானதும் நடுவில் கிடக்கட்டும். அதற்குள் ஒரு சரியான விஷயமும் இருக்கலாம். நான் இன்றைக்கும் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள்தான். ஆனால் ஒரு ஃபைலை அனுப்பும்முன், மாற்றச் சொன்ன அளவை ஒரே ஒரு தடவை பார்க்கிறேன். மிச்ச இரண்டு தடவையும், யாரும் மாற்றச் சொல்லாத அளவுகளைப் பார்க்கிறேன்.