நூறில் முட்டி நின்ற முள்

தேவசகாயம் போய்விட்டார். நேற்று காலை, பாறசாலையில், மகள் வீட்டில்…

மகள் அனுப்பிய செய்தியில் ஒரு வரி. "ஐஸ் ஃபேக்டரி மோட்டாரை எரிச்சுட்டு அடி வாங்கி வந்த ஆளுன்னு அப்பாவை நாங்க கேலி பண்ணுவோம், அப்பாவும் சிரிப்பாங்க."

அந்த வரியை ஐந்தாறு முறை படித்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியவன் நான்.

எழுபத்தாறாம் வருடம், அல்லது எழுபத்தேழு. விழிஞ்ஞம் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரி. நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், அவர் வயர்மேன், யூனியனிலும் இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார்.

கம்ப்ரஸர் மோட்டார் ஐம்பது எச்.பி. ஸ்டார்ட் செய்தால் சில நொடிகளில் ஓவர்லோட் ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். ஐஸ் இல்லாவிட்டால் கரையில் மீன் அழுகும். வாசலில் தினமும் மீன்காரர்களின் கெட்ட வார்த்தை, இரண்டு முறை கல். முதலாளியின் மச்சான் எங்களிடம் பேச வரும்போது கையில் ஐஸ் இழுக்கும் கொக்கியோடுதான் வருவான்.

ஸ்டார்ட்டில் எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு டாங் டெஸ்டர் வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். இப்போது கிளாம்ப் மீட்டர் என்கிறார்கள். கேபிளை அறுக்காமல் இடுக்கி மாதிரி சுற்றிக் கவ்வும், முள் ஆம்பியரைக் காட்டும்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நூறு ஆம்பியர் வரை. இன்னொன்று அறுநூறு வரை.

நான் நூறைக் கையில் எடுத்தேன்.

"இத எதுக்கு சாரே எடுக்கிய? ஸ்டார்ட்டுல ஆனை மாதிரி பாயும். இது தாங்காது."

"ஓடறப்போ எழுபதுதானே தேவசகாயம். அறுநூறு ஸ்கேல்ல எழுபதுன்னா முள் மூலைல கிடக்கும். எப்படிப் படிக்கறது?"

"நமக்கு வேண்டியது ஓடும்போ உள்ளதா, பாயும்போ உள்ளதா?"

கடைக்காரர் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. அளவு ஸ்கேலின் முக்கால் பங்கில் விழ வேண்டும் என்று காலேஜ் லேபில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விதி சரிதான்… நான் அதைத் தப்பான கரண்டுக்குப் போட்டேன்.

"சரி, படிச்சவங்க சொன்னா சரி" என்று தேவசகாயம் நூறைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் கேபிளைக் கவ்வி, ஸ்டார்ட் என்றேன். அவர் லீவரை அழுத்தினார். முள் பாய்ந்து ஓரத்துக் கம்பியில் அடித்தது. 'டக்'கென்ற அந்தச் சத்தம், மோட்டார் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. நுனி வளைந்துவிட்டது.

லாக் புத்தகத்தில் நூறு என்று எழுதினேன்.

"சாரே, அது நூறு இல்ல. அதுக்கு மேல போக எடமில்லாம முட்டிட்டு நிக்குது."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பான மீட்டரை வாங்கினேன் என்று மச்சானிடம் போய்ச் சொல்லப் பயம்.

ஸ்டார்ட்டிங் கரண்ட் நூறுதான், மோட்டாரில் கோளாறு இல்லை, ரிலேதான் சும்மா விழுகிறது என்று முடிவு கட்டினேன். கூடுதல் கரண்ட் போனாலும் விழாதபடி ரிலே செட்டிங்கை ஏற்றச் சொன்னேன். வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. அவர் இரண்டு முறை "ஏத்தணுமா சாரே?" என்று கேட்டார். ஏற்றினார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மோட்டார் எரிந்தது. உள்ளே ஏதோ விலங்கை அறுக்கிற மாதிரி ஓர் ஊளை, பிறகு வெடி, பிறகு புகை. கம்ப்ரஸர் பேரிங் இறுகிப்போயிருந்திருக்கிறது. ரிலே சும்மா விழவில்லை… மோட்டாரைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது.

மச்சான் கொக்கியோடு வந்தான். வாசலில் இருந்த கூட்டமும் பின்னாலேயே.

"எடா, ரிலேயைத் திருகினது ஆரு?"

தேவசகாயம் என்னைப் பார்த்தார். ஒரு நொடி இருக்கும்.

டெஸ்டர் என் பையில் இருந்தது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"நாந்தான்" என்றார்.

முதல் அடி தோளில். இரண்டாவது, காதில். கொக்கியின் கூர் இடது காதைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவது, விழுந்த பிறகு, முதுகில். எண்ணினேன். எதையும் எண்ணுவது என் வழக்கம். கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் மிதித்தார்கள், அதை எண்ண முடியவில்லை.

"யூனியன்காரன் வேணும்னு எரிச்சான்" என்று யாரோ கத்தினார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

மிச்சமிருந்த ஐஸ் பாளத்தின் மேல்தான் விழுந்திருந்தார். அவரை இழுத்துப் போட்ட பிறகு, சிவந்த மூலையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை மீனுக்கு ஏற்றினார்கள். ஐஸ் தட்டுப்பாடு…

அன்றே அவரை வேலையை விட்டுத் துரத்தினார்கள். நான் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். சம்பள உயர்வும் கிடைத்தது.

எண்பத்தைந்து வாக்கில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். களியக்காவிளையில் மோட்டார் வைண்டிங் கடை போட்டிருந்தார். அந்தக் காது அப்படியே.

"சாரே! அறுநூறு வாங்கியாச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன். அவர் பஸ் வந்துவிட்டது.

அந்த டெஸ்டரை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. இப்போது மேஜையில், இதைத் தட்டும் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அம்மா, அந்தச் செய்தியை அனுப்பிய நீங்கள் இதைப் படித்தால்… உங்கள் அப்பா மோட்டாரை எரிக்கவில்லை. மீட்டரைத் தேர்ந்தெடுத்தது நான். நூறு என்று எழுதியது நான். ரிலேயை ஏற்றச் சொன்னது நான். உங்களோடு சேர்ந்து கேலி செய்த தம்பிக்கும் இதைக் காட்டுங்கள்.

நாளை பத்து மணிக்கு அடக்கம் என்றார்கள். வருகிறேன். வாசலில் நிற்கச் சொன்னால் வாசலில் நிற்கிறேன்.

வாங்கியிருக்க வேண்டியது அறுநூறுதான், தேவசகாயம். போய் வாருங்கள்.