இரண்டாவது முகடு

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு அதிகாரி ஒருவர் இருந்தார். ஒல்லியான, நெட்டை மனிதர். யோசனை வந்துவிட்டால் பென்சிலால் காதைக் குடைய ஆரம்பித்துவிடுவார்.

எழுபதுகளில் ஒருநாள் பெரிய பம்பு ஒன்று தாறுமாறாக அதிர்ந்தது. அதிர்வை டேப்பில் பதிந்து நகரத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினோம். எந்த வேகத்தில் எவ்வளவு அதிர்வு என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் வரைபடம் நீளத் தாளில் வந்தது. இடப்பக்கம் ஒரு முகடு, வலப்பக்கம் ஒரு முகடு. வலப்பக்கத்தது மிக வேகமான அதிர்வு என்பதால் பேரிங் கோளாறுதான் என்றார் அவர். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டர் இரண்டு முறை பம்பைப் பிரித்து பேரிங் மாற்றினார். ஒவ்வொரு முறையும் புதுத் தாளில் அதே முகடு வந்து நின்றது.

“இன்னா சார், மறுபடியும் கயட்டணுமா?” என்றார் பிட்டர் எரிச்சலோடு.

அதிகாரி தாளைச் சரிபாதியாக மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. சின்ன மேடுகள்கூடப் பொருந்தின.

“சே! வலது பாதி வெறும் பிம்பம்பா. நிஜ அதிர்வைப் போட்டா இந்தக் கணக்கு இடது பாதியையே கண்ணாடியில தெரியற மாதிரி வலதுலயும் திருப்பி வரைஞ்சு காட்டும். படிச்சதுதான், மறந்து தொலைச்சிட்டேன்.”

“அப்போ நான் கயட்னதெல்லாம்?”

“வீண்தான். தப்பு என்னோடது.”

எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்புறம் தாளைக் கசக்கி எறிந்தார். இடது முகட்டின் காரணம் இன்னும் தெரியவில்லை, பம்பு அதிர்ந்துகொண்டேயிருந்தது. தவறைத் தயங்காமல் ஒப்புக்கொண்டவருக்கு அந்தத் தாளின்மேல் ஏன் அத்தனை கோபம் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.