பெரியம்மாவின் நட்சத்திரம்

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட முதல் ஆள் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது சொல்லும்போது அலுப்பாகத்தான் இருக்கிறது. படித்தவன் என்றால் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியவன் என்று ஆகிவிட்டது. கொழும்புக்குப் போன மகனுக்குக் கடிதம், தாசில்தாருக்கு மனு, கோயில் கொடைக்கு நோட்டீஸ் என்று எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் ஒருவர், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலில் காத்திருந்து, மடியிலிருந்து ஒரு செம்புத் தகட்டை எடுத்தார்.

"ஒரே ஒரு பேருதான் வாத்தியாரய்யா. எழுத்துத் தெளிவா இருக்கணும்லா, அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார்.

அது அவருடைய பங்காளியின் பெயர். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். வேறு யாரிடமாவது எழுதி வாங்கியிருப்பார். அந்தப் பங்காளியும் சும்மா இருந்திருக்க மாட்டார். அதைப் பற்றி யாருக்கும் புத்தி சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் தகட்டைப் பார்த்ததிலிருந்து, பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிறர் கேட்டு நான் முதன்முதலாக எழுதிய எழுத்து நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் செம்பில் எழுதியதுதான்.

அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. ஒரே வீடாக இருந்ததை அப்பாவும் பெரியப்பாவும் வயல் பாகம் பிரித்த வருஷத்தில் குறுக்கே சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். பாகத்தில் யாருக்கு என்ன குறைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் இரண்டு பக்கத்திலும் குறைந்துதான் இருந்தது. சுவர் வந்த பிறகு பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை, சந்தேகம்தான். எங்கள் மாடு பால் மறந்தால் அந்தப் பக்கத்துக் கண். அவர்கள் வீட்டு முருங்கை முறிந்தால் இந்தப் பக்கத்து வாய். அவர்கள் வாசலில் எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் படிகாரம் கட்டினோம். காவலுக்கென்று கட்டுவதையெல்லாம் பக்கத்து வீட்டார் வினை என்றே எடுத்துக்கொண்டு இன்னொரு காவல் கட்டுவார்கள். இதற்கே இரண்டு வீட்டுக்கும் வேலை சரியாக இருந்தது.

அந்த ஆடி மாதம் சாரல் விடாமல் பிடித்திருந்தது. துணி காயாது, விறகு பற்றாது. என் தங்கைப் பாப்பாவுக்கு எட்டு மாதம். காய்ச்சல் கண்டு, மூன்று நாளாகப் பால் இறங்கவில்லை. சங்கில் ஊற்றினாலும் கடைவாயில் வழிந்துவிடும். அழக்கூடத் திராணி இல்லாமல் அம்மா மடியில் துணி மாதிரிக் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் வைக்கோல் பிடுங்கப் போன அத்தை, படப்புக்குள்ளிருந்து ஒரு கோழிமுட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் குங்குமம் பூசி, தலைமயிர் சுற்றியிருந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. தாலியறுத்து வந்து எங்களோடு இருந்தாள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மறுநாள் காலையிலேயே புளியறைக்கு அப்பாலிருந்து ஒரு மந்திரவாதி எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, இருமுகிற மனிதர். மலையாளம் கலந்து பேசினார். நடந்து வந்த களைப்பு அவர் முகத்தை விட்டுப் போகவே இல்லை.

மூன்று வழி இருக்கிறது என்றார் அவர். வைத்ததை எடுத்து ஆற்றில் விடுவது ஒன்று. எடுக்காமல் காவல் மட்டும் கட்டுவது ஒன்று. அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவது மூன்றாவது.

"திருப்பித்தான் அனுப்பணும். எடுத்துவிட்டா நாளைக்கு மறுபடியும் வைப்பா" என்றாள் அத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியம்மாவைச் சுட்டி.

"பாவம் இல்லையாக்கா?" என்றார் அப்பா. அவர் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து மூன்று நாளாகத் தூங்காதவர். குரலே எழும்பவில்லை.

"நாம என்ன அனுப்பவா செய்யுதோம்? அவ சரக்கு அவ வீட்டுக்குப் போகுது. இதுல நமக்கு என்னடா பாவம்?"

"அக்கா அனுப்பலைன்னா?" என்று அம்மா கேட்டாள். அவள் பெரியம்மாவை அக்கா என்றுதான் சொல்வாள்.

எல்லோரும் மந்திரவாதியைப் பார்த்தார்கள். அவர் இருமி முடித்துவிட்டு, அனுப்பாத ஆளுடைய பெயரை எழுதினால் அது போக இடமில்லாமல் எழுதிய கைக்கே திரும்பும் என்றார். அதனால் பெயரை அவர் எழுத மாட்டாராம். "எழுதுந்ந கை வீட்டுக் கையாயிட்டு இருக்கணும். ஞான் வெளியாளல்லவோ" என்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த கை ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது.

"அவன் வேண்டாம்" என்றாள் அம்மா.

"பால் பல்லு இன்னும் முழுசா விழல. சின்னப் பிள்ளைக்குப் பாவம் ஒட்டவே ஒட்டாது, நீ சும்மா இரி" என்றாள் அத்தை.

அப்பா பாப்பாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். அது சம்மதம் என்று ஆயிற்று.

என் கையில் தகட்டையும் ஓர் இரும்பு ஆணியையும் கொடுத்தார்கள். ஸ்லேட்டில் எழுதி எழுதி அலுத்திருந்த எனக்குச் செம்பில் எழுதப்போவதில் ஒரு குஷி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பெரியம்மாவின் பெயரை எழுத ஆணியை ஊன்றியபோதுதான் எனக்கு அது தோன்றியது.

"அத்தை, பாப்பா பேரும் இதுதானே?"

விஷயம் இதுதான்: பாப்பா பிறந்த சமயம் அம்மாவுக்கு இரண்டு நாள் வலி. சுவர் வைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தும் பெரியம்மா தெருவழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, அந்த இரண்டு நாளும் அம்மாவின் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். பிள்ளை பிழைத்ததும் அம்மா அவள் பெயரையே வைத்துவிட்டாள். மூத்தவள் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் 'பாப்பா' என்றே கூப்பிட்டு, வைத்த பெயர் மற்றவர்களுக்கெல்லாம் மறந்தே போயிருந்தது. எனக்கு மறக்கவில்லை. எழுதத் தெரிந்த புதிதில் வீட்டிலுள்ள பெயர்களையெல்லாம் கரித்துண்டால் சுவரில் எழுதிப் பார்த்தவன் நான்.

"நட்சத்திரம் வேணும். நட்சத்திரம் எழுதினால் ஆள் மாறாது" என்றார் மந்திரவாதி.

பெரியம்மாவின் நட்சத்திரம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அத்தை கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "ஏலே, நீ போய்க் கேட்டுட்டு வா. என்னத்துக்குன்னு சொல்லிராதே" என்று என்னையே அனுப்பினாள். இப்படி ஒரு காரியத்துக்கு இப்படி ஒரு தூது வேறு எந்த ஊரிலாவது போயிருக்குமா தெரியவில்லை.

பெரியம்மா வாசல் நடையில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் எலுமிச்சங்காய் அழுகித் தொங்கியது.

"என்னலே, தொர தெரு வழியா வாரீரு? சுவரு ஏறிக் குதிக்கலையா இன்னைக்கு?"

"பெரியம்மா, உங்க நட்சத்திரம் என்ன?"

கை நின்றது. "யாரு கேக்கச் சொன்னா?"

"அத்தை."

"மலையாளத்தான் வந்திருக்கானோ? அங்கன இருமல் சத்தம் கேட்டுச்சே. என்ன, உங்க அத்தை என் ஜாதகத்தை வாங்கி எனக்கு இன்னொரு கல்யாணமா பண்ணி வைக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லாதே என்றுதான் அத்தை சொல்லியிருந்தாள். ஆனால் பொய் பேசக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார்; நான் வாத்தியார் கட்சி. முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிவிட்டேன். படப்பில் வினை கிடைத்தது, மூன்று வழி, தகடு, ஆணி, ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கிற குழப்பம் எல்லாம்.

பெரியம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பாப்பா பால் குடிக்காளா?"

"இல்லை. நாலு நாளாச்சு."

"கண்ணு முழிச்சுப் பாக்காளா?"

"எப்பமாவது."

அரிசியை ஒருதரம் கையால் அளைந்துவிட்டு, "பூசம்" என்றாள். "பூசம், நாலாம் பாதம். முதல்ல அதை எழுது. அதுக்கு அடுத்தாப்லதான் பேரு. பெரியப்பா பேரைப் போட்டு, அவரு பெண்டாட்டின்னும் சேர்த்து எழுது. பாப்பா பக்கமே அது திரும்பக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குது."

"பெறகு என்ன நிக்கே?"

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "பெரியம்மா, நீங்க செஞ்சீங்களா?"

"எதை?"

"வினையை. நீங்க செய்யலைன்னா அது திரும்பி வந்து எழுதுன கையில ஏறுமாம். அத்தை ஏறாதுங்கா. மலையாளத்தான் அதுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கான்."

பெரியம்மா என் வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஸ்லேட்டுக் குச்சி பிடித்துக் காய்த்திருந்த விரலைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள். "முட்டாப் பயலுவ. போயும் போயும் பச்சப் பிள்ளைக் கையிலயா" என்று யாரையோ சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாம்லே செஞ்சேன். போ, பயப்படாம எழுது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். வைக்கோலுக்குள்ளயோ எங்கனயோ எலுமிச்சங்காய் வச்சேன்லா, அதுதான்."

"எலுமிச்சங்காய் இல்லை பெரியம்மா, முட்டை."

"ஆமா, முட்டை. முட்டைதான் வச்சேன். போ."

ஓடினேன். நட்சத்திரத்தோடு அவள் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன். அத்தை கையைத் தட்டினாள். "பாத்தியா, அவ வாயாலயே வந்துட்டு!" அம்மா மட்டும் இரண்டு தரம் கேட்டாள்: "அக்கா அப்படியா சொன்னா? அவளேவா சொன்னா?" அவளேதான் என்று நானும் இரண்டு தரமும் சொன்னேன். எலுமிச்சங்காய் என்று முதலில் மாற்றிச் சொன்னதை நான் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்று இல்லை. வயதானவர்கள் மறப்பது உண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

பயம் விட்டுப் போயிருந்ததால் எழுத்து நன்றாகவே வந்தது. நட்சத்திரம் முதலில், பிறகு பெயர், பிறகு இன்னார் பெண்டாட்டி. அவள் சொன்னபடியே எழுதினேன். மந்திரவாதி தகட்டைச் சுருட்டி, சுவரின் அடியில் புதைத்தார்.

இரண்டு நாளில் பாப்பா பால் குடித்தாள். தகடுதான் என்றாள் அத்தை. அப்பா தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து கசப்பு மருந்து ஒரு குப்பி வாங்கி வந்து, அத்தைக்குத் தெரியாமல் புகட்டிக்கொண்டிருந்தார் என்பதை வெகுநாள் கழித்துச் சொன்னார். பெரியம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பின்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தாள்.

ஆனால் அவள் ஒப்புக்கொண்ட பேச்சை அத்தை தெருவெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். குளத்தில் அவள் இறங்கினால் பிள்ளைக்காரிகள் கரையேறினார்கள். பாப்பாவுக்குக் காது குத்தியபோது அவளைக் கூப்பிடவில்லை. அன்றைக்கே வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். 'வைக்கிறவள்' என்ற பெயர் பெரியம்மாவுக்குக் கடைசிவரை நின்றது. அவளாக அதை யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. சாட்சி நான்தானே, என்னைக் கேட்டவர்களிடமெல்லாம் நானும், அவளே சொன்னாள் என்று சொல்லிவந்தேன்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்குச் சில நாள் அவள் வாசலில் நிற்பாள். பேசக் கூடாது என்று வீட்டில் கட்டளை. அதனால் அவள் தெருவைப் பார்த்தபடிதான் கேட்பாள், கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்.

"கை நல்லா இருக்காலே?"

"நல்லா இருக்கு பெரியம்மா. இப்பம் நோட்டுல மசியால எழுதுதேன். வாத்தியாரு கிளாசுக்கே காட்டுதாரு."

"சரி, சரி" என்று உள்ளே போய்விடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு என் கையெழுத்தின் மேல் எத்தனை அக்கறை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.