எண்பது மீட்டர், தண்ணீர்மேல், இரண்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஆனால் அந்தத் தாள் ஆரணியில் சேகருடைய மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டச் சொல்கிறேன்.

என் வேலை கடல்பறவைகளை எண்ணுவது. ஆராய்ச்சிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று, முந்நூறு மீட்டருக்குள் தெரிகிற பறவை என்ன, எவ்வளவு தூரம், பறக்கிறதா தண்ணீர்மேல் இருக்கிறதா, எத்தனை என்று நான் கூவ வேண்டும்; பின்னால் உட்கார்ந்து ஒருவர் எழுத வேண்டும். எழுதுவதற்கு என்னோடு ஆரணியில் படித்த சேகரைக் கூட்டிப் போயிருந்தேன். பட்டுத்தறிக்கு டிசைன் அட்டை குத்துகிறவன் அவன். ஒருவர் கணக்கைப் படிக்கப் படிக்க, தலை நிமிராமல் காதிலேயே வாங்கிக் குத்திக்கொண்டு போவான், ஒரு ஓட்டை தப்பாது. கப்பலிலும் அப்படித்தான், நான் கூவக் கூவத் தலை நிமிராமல் எழுதுவான்.

மூன்றாம் நாள், நல்ல வெயில், பிற்பகல் மூன்று மணி இருக்கும். எனக்கு வயிற்றைப் பிரட்டியது. "கொஞ்சம் இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். காற்றில் அது அவன் காதில் விழவில்லை. வாந்தி எடுத்துவிட்டுப் படுக்கையில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். வேலை நேரத்தில் தூங்கியது தப்புதான், அதை மறைக்கவில்லை.

கப்பல் திரும்புகிற ஆட்டத்தில் விழித்து மேலே ஓடினால், எல்லோரும் கம்பி ஓரம் நிற்கிறார்கள். ஒரு மீனவரைக் கயிறு போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படகு கவிழ்ந்து, பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு நாள் மிதந்திருக்கிறார் மனுஷன். உதடெல்லாம் வெடித்திருந்தது.

சேகர் என்னைப் பார்த்ததும் கத்தினான். "எங்கடா போன? நீ கூவினதும் எழுதிட்டு கேப்டனாண்ட ஓடினேன், ஜல்தி திருப்புங்கன்னு!"

"நான் இன்னாடா கூவினேன்? கீழ தூங்கிகினு இருந்தேன்."

"விளையாடாத. முக்கா மணி நேரமா நீ சொல்லிகினு இருந்த, நான் எழுதிகினு இருந்தேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், பக்கம் முழுக்க எழுதியிருந்தது. ஆலா, இருநூறு மீட்டர், பறக்கிறது, மூன்று. இப்படியே வரிசையாக, நான் சொல்கிற அதே முறையில். கடைசி வரி: மனிதர், எண்பது மீட்டர், தண்ணீர்மேல், இரண்டு.

நாங்கள் ஏற்றியது ஒருவரைத்தான். இருட்டும்வரை கப்பல் அந்த இடத்தையே சுற்றியது, வேறு யாருமில்லை. கூட ஆள் இருந்தார்களா என்று மீனவரைக் கேட்டதற்கு, "நான் தனியாத்தான் வந்தேன் சார்" என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

தப்பாக எழுதிவிட்டாயா என்று சேகரை எத்தனையோ தடவை அரித்தெடுத்தேன். "ரெண்டுன்னுதான்டா சொன்ன" என்பதிலிருந்து அவன் அசையவே இல்லை. அதற்குப் பிறகு கடல் பக்கம் வரவும் இல்லை.

அந்த மீனவர் பொங்கலுக்குப் பொங்கல் நன்றி சொல்லிப் போன் செய்வார். தாளைப் பற்றி நாங்கள் அவரிடம் மூச்சு விட்டதில்லை. போன பொங்கலுக்குப் பேச்சு முடிகிற நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், அன்னிக்கு எத்தினி பேருன்னு எழுதினீங்க?"

"ரெண்டு" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நீங்களும் அவனப் பாத்தீங்களா?" என்றார்.

நான் பார்க்கவில்லை, கீழே தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். இந்தப் பொங்கலுக்கு அவரிடமிருந்து போன் வரவில்லை.